ஐந்து செடி யானை

யானையின் இடது காதை யாரோ சாம்பாரில் போட்டுவிட்டார்கள் என்று டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். குரலில் கோபம் இல்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னார். ஜெபசிங்கை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

விஷயம் இது. திருவிடந்தைக்குச் சற்றுத் தெற்கே, கடலோரச் சாலையை ஒட்டி ஒரு சொகுசு விடுதி இருக்கிறது. சாலைக்கு இந்தப் பக்கம் என் வீடு. விடுதியில் கல்யாணம் நடத்துவதற்கென்றே ஒரு பெரிய புல்வெளி, அதன் ஓரத்தில் செடியால் வளர்த்த ஒரு யானை. ஜெபசிங் அங்கே தோட்டக்காரர். புதிதாக வேலைக்கு வந்த சமையல்காரர் கறிவேப்பிலை என்று நினைத்து, யானையின் காதிலிருந்து இரண்டு கைப்பிடி உருவிக்கொண்டு போய்விட்டார். பழி முழுவதும் அவர்மேல் என்று சொல்ல முடியாது. நர்சரிக்காரர்கள் காமினி என்று விற்கும் அந்தச் செடி கறிவேப்பிலைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் அதே குடும்பம்தான். இலையைக் கசக்கினால் எலுமிச்சை என்றும் சொல்ல முடியாத, கறிவேப்பிலை என்றும் சொல்ல முடியாத ஒரு வாசனை வரும். வெட்டினால் கத்திரியில் பிசுபிசுவென்று ஒட்டும். ஜெபசிங் சாயங்காலம் மண்ணெண்ணெய்த் துணியால் கத்திரியைத் துடைப்பார், கையைத் துடைக்க மாட்டார். அவர் ஏறிய பஸ்ஸில் யாரோ ஊறுகாய் ஜாடி கொண்டுவருகிறார்கள் என்று நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

"சாம்பார் எப்படி இருந்ததாம்?" என்று கேட்டேன்.

"மூணு பேரு நல்லா கீதுன்னாங்க சார்," என்றார். "அதான் பேஜாரு. நாளைக்கும் வருவான்."

ஜெபசிங்குக்கு ஐம்பத்துநாலு வயது. சொந்த ஊர் செய்யூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கியவர்கள், சவுக்கு வெட்டியவர்கள். இப்போது அந்தக் குடும்பத்தில் யாரும் அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பதில்லை. மகன் சாம் பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியின் மெஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறான். மகள் சிநேகாவைச் செங்கல்பட்டில் கட்டிக் கொடுத்தாயிற்று. மனைவி ஹெலன் அதே சொகுசு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருக்கிறார்.

ஜெபசிங் முதலில் போன வேலை செடி வேலை அல்ல. பத்தொன்பது வயதில் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் சேர்ந்தார். எட்டு மாதம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஒன்பதாவது மாதம் ஒரு பிள்ளையார் சிலையின் காலடியில் இருந்த மூஞ்சூறை அவரிடம் கொடுத்தார்கள். உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார், மூஞ்சூறின் காது போய்விட்டது. கூடத்துக்காரர் திட்டவில்லை. வந்து பார்த்துவிட்டு, "கல்லு தம்பி. மறுபடி முளைக்காது," என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு அங்கிருந்து கிளம்பிய ஜெபசிங், தவறாக வெட்டினாலும் மறுபடி முளைக்கிற வேலையாகத் தேடிக்கொண்டார். மனிதர்கள் தங்கள் தொழிலை எதற்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது பற்றிப் பெரிய பெரிய காரணங்களைப் படித்திருக்கிறேன். அவற்றில் பலவற்றைவிட இந்தக் காரணம் எனக்குச் சரியாகப் படுகிறது.

யானையை வளர்க்க ஆறு வருடம் ஆயிற்று. அது ஒரு செடி அல்ல, ஐந்து. நாலு காலுக்கு நாலு செடி, மேலே போய்க் கிளைகள் பின்னி முதுகும் தலையும் ஆயின. தும்பிக்கைக்குத்தான் வழி தெரியவில்லை. செடி மேலே பார்த்துத்தான் வளரும், தலையிலிருந்து கீழே தொங்கு என்றால் தொங்காது. ஆகவே தும்பிக்கையின் நுனி எங்கே தரையைத் தொட வேண்டுமோ அங்கே ஐந்தாவது செடியை நட்டு, கீழிருந்து மேலாக வளர்த்துத் தலையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதனால் பார்ப்பவர்களுக்கு, யானை தும்பிக்கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு எதையோ மறந்துவிட்டு யோசிப்பதுபோலத் தோன்றும். நல்ல யானை என்று நான் சொல்ல மாட்டேன். பின்னங்கால்கள் குட்டை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் யானை என்று தெரியும்.

ஒருமுறை அவரிடம் கேட்டேன்: "ஐந்து செடி இருக்கிறது. யானை எந்தச் செடியில் இருக்கிறது?"

"நா பத்து நாள் லீவு போட்டா தெரியும் சார்," என்றார்.

போட்டிருக்கிறார். சிநேகாவின் பிரசவத்துக்காகப் பத்து நாள் என்று போனவர் நாற்பது நாள் கழித்துத்தான் திரும்பினார். வந்து பார்த்தபோது விருந்தினர்கள் 'நீர்யானை' பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்களாம்.

போன மாசி மாதம் பிரபா வந்தார். சென்னையில் தோட்டங்களை வடிவமைத்துத் தருகிற இளம்பெண். விடுதியின் புல்வெளியைப் புதுப்பிக்க அவரை அமர்த்தியிருந்தார்கள். கையில் ஒரு வரைபடத்தோடு யானைமுன் வந்து நின்றார். கூடவே விடுதி மேலாளர் விஜயகுமாரி.

"இது இங்க எதுக்கு?" என்று கேட்டார் பிரபா.

"யானை மேடம்," என்றார் ஜெபசிங்.

"யானைன்னு தெரியுது அண்ணா. எதுக்குன்னு கேட்டேன்."

ஆறு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஜெபசிங் யோசித்துப் பார்த்தார். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லாத பொருள்கள் உலகத்தில் ஏராளம், ஆனால் வரைபடத்தில் அவற்றுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். பிரபாவின் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு வட்டம் இருந்தது. வட்டத்துக்குள் கல் தளம், தளத்தின்மேல் பிளாஸ்டிக் இலைகளால் ஒரு பச்சைச் சுவர், அதன்முன் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளலாம்.

"அதுக்குத் தண்ணி வேணாம், வெட்ட வேணாம், கொசு அடையாது," என்றார் பிரபா.

"சாம்பார்லயும் போட முடியாது," என்றார் ஜெபசிங். தான் எந்தக் கட்சிக்குப் பேசுகிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

விஜயகுமாரிக்கு யானைமேல் பெரிய பிரியம் என்று சொல்ல முடியாது. ஆனால் வைகாசி இருபத்தேழாம் தேதி அந்தப் புல்வெளியில் ஒரு கல்யாணம் இருந்தது. சஹானா என்ற அந்த மணப்பெண், மேடையில் எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூவாசனை மட்டும் நிஜமாக இருக்க வேண்டும் என்று மூன்று முறை தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

"ஜெபசிங், இந்தச் செடி பூக்கும்தானே?"

"பூக்கும் மேடம். வெட்டாம வுட்டா, சும்மா கும்முனு வாசனை வரும். நா வுட்டதில்ல."

பிரபா கொஞ்சம் யோசித்தார். கொடுமைக்காரர் இல்லை அவர். "சரி அண்ணா. கல்யாணத்தன்னிக்குக் காலைல இது முழுசாப் பூத்திருந்தா, இருக்கட்டும். என் சுவரை வேற இடத்துக்கு மாத்திக்கறேன். இல்லன்னா மறுநாள் திங்கக்கிழமை ஜேசிபி வரும். முழுசா. அங்க ஒண்ணு இங்க ஒண்ணு கிடையாது."

இதில் இருந்த சிக்கலை மேடம்கள் இருவரும் கவனிக்கவில்லை. பூக்க வேண்டுமென்றால் மூன்று மாதம் கத்திரி படக்கூடாது. மூன்று மாதம் கத்திரி படாவிட்டால் யானை இருக்காது. யானையைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் யானையைக் கைவிட வேண்டும். ஜெபசிங் கத்திரியை மண்ணெண்ணெயில் துடைத்து, துணியில் சுற்றி, கொட்டகைக்குள் ஆணியில் மாட்டினார்.

பங்குனி முடிவதற்குள் காதுகள் காணாமல் போயின. சித்திரை பிறந்தபோது வாலும் முதுகும் ஒன்றாகிவிட்டன. வாசல் காவலாளி குமாருக்குப் பொழுது நன்றாகப் போயிற்று.

"அண்ணாத்த, உன் யானைக்கு முடி வெட்ட டப்பு இல்லியா? நா வோணா தரட்டா?"

"வேலையப் பாரு மச்சான்."

"அதான் பாத்துகினு கீறேன். நேத்து ஒரு கொயந்த வந்து கரடி அங்கிள் கரடின்னு அழுவுது. அவங்கம்மா என்னாண்ட வந்து, கரடிய எப்ப கூண்டுல போடுவீங்கன்றாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ராத்திரில போட்ருவோம்னேன்."

வெட்டாமல் விட்டால் மட்டும் பூ வராது, வந்தாலும் சொன்ன தேதிக்கு வராது. அதற்கு ஜெபசிங்கிடம் ஒரு வழி இருந்தது. செய்யூர் பக்கம் ஒரு எலுமிச்சைத் தோட்டத்தில் அவருடைய அப்பா தண்ணீர் பாய்ச்சியவர். அங்கே கோடையில் வேண்டுமென்றே சில வாரம் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். இலை சுருண்டு, மரம் இன்றோ நாளையோ என்று நிற்கும். அப்போது ஒரே நாளில் வெள்ளமாகத் தண்ணீர் விடுவார்கள். மூன்று வாரத்தில் மரம் முழுக்கப் பூ. எலுமிச்சைக்குச் செல்லுபடியாவது அதன் பங்காளிக்கும் செல்லுபடியாகும் என்பது ஜெபசிங்கின் கணக்கு.

"சாவப்போறோம்னு பயந்தாதான் சார் பூக்கும்," என்றார் என்னிடம்.

மனிதர்களைப் பற்றியும் இப்படி எழுதியவர்கள் உண்டு. மனிதர்கள் விஷயத்தில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. செடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆகவே தலையை ஆட்டினேன்.

சித்திரை நடுவில் தண்ணீரை நிறுத்தினார். வைகாசி ஐந்தாம் தேதி திறந்துவிடுவது என்று திட்டம். இடையில் மழை பெய்தால் எல்லாம் கெட்டது. செடி தன் பாட்டுக்குப் பூத்து, கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே உதிர்ந்துவிடும். அந்த மூன்று வாரமும் வானத்தில் மேகம் தெரிந்தால் ஜெபசிங் கொட்டகை வாசலில் நின்று, அது நகர்ந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். இதில் ஒரு சங்கடம். வெயில் தாங்காமல் சபையில் ஒவ்வொரு ஞாயிறும் பாஸ்டர் தேவசகாயம் மழைக்காக ஜெபம் செய்தார். சபையே ஆமென் என்றது. ஜெபசிங் வாயைத் திறக்கவில்லை. மழை வேண்டாம் என்று ஆண்டவரிடம் கேட்கும் அளவுக்கு அவர் துணிந்தவர் அல்ல, வேண்டும் என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. இரண்டாவது ஞாயிறு ஹெலன் முழங்கையால் இடித்தார்.

"இன்னா, ஆமென் சொல்ல மாட்டியா?"

"தொண்டை கட்டிகிச்சு."

மூன்றாவது ஞாயிறு மழை வந்தது. செய்யூரில். அங்கே இருக்கும் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டு அரைமணி நேரம் சந்தோஷப்பட்டார். திருவிடந்தையில் நாலு சொட்டு விழுந்து, மணலில் நாலு குழி பறித்துவிட்டு நின்றுவிட்டது. ஜெபசிங் அன்று தாமதமாக, யாருக்கும் கேட்காமல், ஆமென் சொன்னார்.

யானை வாடியது. கரடியாக நின்றபோது குமார் சிரித்தான், வாடி நின்றபோது அவன்கூடச் சிரிக்கவில்லை. இலையெல்லாம் சுருண்டு, உடம்பு முழுவதும் சாம்பல் பூசியதுபோல ஆயிற்று. வைகாசி ஐந்தாம் தேதி விடியற்காலையில் ஜெபசிங் குழாயைத் திறந்தார். நாலு காலடியிலும் பாத்தி நிரம்பி வழியும்வரை விட்டார். தும்பிக்கையடியிலும் விட்டார். தும்பிக்கை மட்டும் அவ்வளவாக வாடவில்லை என்பது அப்போதே கண்ணில் பட்டது. புத்தியில் படவில்லை.

பதினாலாம் நாள் அரும்பு தெரிந்தது, அரிசிக் குருணைபோல. முதுகில், வயிற்றில், நாலு காலிலும், கொத்துக் கொத்தாக. ஜெபசிங் சுற்றிச் சுற்றி வந்தார். முன்பக்கம் வந்ததும் நின்றார். தும்பிக்கையில் ஒரு அரும்புகூட இல்லை. கரும்பச்சையாகக் கொழுத்து, முழ நீளத்துக்குப் புதுத் தளிர் விட்டு நின்றது அது.

முதலில் குமாரைச் சந்தேகப்பட்டார். காவலாளிகள் செடிகளுக்குச் செய்யும் உபகாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குமார் தன் தாய்மேல் சத்தியம் செய்தான். பிறகு தரையைக் கிளறிப் பார்த்தார். தும்பிக்கையடியில், சருகுக்குக் கீழே, நீல நிறத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மூடிகள். தண்ணீர் பாட்டில் மூடிகள். பதினொன்று இருந்தன.

மறுநாள் மத்தியானம் கொட்டகைக் கதவுக்குப் பின்னால் நின்றார். அறைகளைச் சுத்தம் செய்யும் வேளை முடிந்ததும், ஹெலன் இடுப்பில் ஒரு வாளியோடு வந்தார். வாளி நிறைய, விருந்தினர்கள் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போன பாட்டில்கள். குனிந்து, ஒவ்வொன்றாகத் திறந்து, தும்பிக்கையின் நுனியில் மெதுவாக ஊற்றினார்.

"இன்னாமே பண்ற?"

ஹெலன் திரும்பவில்லை. "பாத்தா தெரியல? தண்ணி ஊத்துறேன்."

"எத்தினி நாளா?"

"நீ நிறுத்தின நாள்லேர்ந்து. பாட்டில்ல மீந்தத கீழ ஊத்தத்தான் சொல்லிகிறாங்க. கீழதான் ஊத்துறேன்."

"நா வாடப் போட்டுகினு கீறேன்னு தெரியும்ல?"

"தெரியும். நீ போடு, உன் வேல அது. அதுக்காவ நாக்கு வறண்டு நிக்கறத நா பாத்துகினு போவ முடியுமா? தினம் இந்தப் பக்கமாத்தான் போறேன்."

"அது செடிமே."

ஹெலன் இப்போது நிமிர்ந்தார். "ஆறு வருசமா வூட்ல யானை யானைன்னு உயிர வாங்கினது யாரு? சோறு துன்றப்ப யானை, தூங்கறப்ப யானை. இன்னிக்குத் தண்ணி கேட்டா செடி ஆயிடுச்சா?"

ஜெபசிங் கேட்டார், "ஊத்தினதுதான் ஊத்தின, ஏன் தும்பிக்கைல மட்டும்?"

"வேற எங்க ஊத்துவாங்க?" என்றார் ஹெலன். "கால்லயா?"

அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு பொத்தேரியில் இருக்கும் சாம் மூலமாகப் பேசினார்கள். "உங்கப்பாவாண்ட சொல்லு, கொயம்பு அடுப்பு மேல கீது." "உங்கம்மாவாண்ட சொல்லு, திங்கக்கெயம ஜேசிபி வருது." மெஸ்ஸில் இருநூறு பேருக்கு இட்லி வெந்துகொண்டிருக்க, சாம் இரண்டையும் அதனதன் இடத்தில் சேர்ப்பித்தான். மூன்றாவது நாள், "நைனா, வூட்ல ரெண்டு பேரும் சேந்து ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சிக்கோங்க, என்ன வுட்ருங்க," என்று தொலைபேசியை வைத்துவிட்டான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் யானை பூத்தது. ஒரு மணி நேரத்துக்குள் உடம்பு முழுவதும் வெள்ளை. அந்த வாசனையை வர்ணிக்க நான் முயலப்போவதில்லை. சாலைக்கு இந்தப் பக்கம், ஜன்னலை மூடி வைத்துப் படித்துக்கொண்டிருந்த நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன், அவ்வளவு சொன்னால் போதும்.

பிரபாவும் விஜயகுமாரியும் வந்து பார்த்தார்கள். பிரபா சுற்றி வந்தார். முகத்தில் ஆச்சரியம் இருந்தது, அவர் அதை மறைக்கவில்லை. முன்பக்கம் வந்ததும் நின்றார்.

"இது ஏன் பூக்கல?"

ஜெபசிங் தரையைப் பார்த்தார். "அது பூக்காது மேடம், இப்ப."

"முழுசான்னு சொல்லியிருந்தேன் அண்ணா." பிறகு கொஞ்சம் தயக்கத்தோடு, "அதை விடுங்க. பூ நல்லா இருக்கு. ஆனா யானை எங்க? ஒரு வெள்ளை மூட்டை, பக்கத்துல ஒரு பச்சைப் புதர். தெரியாதவங்களுக்கு இது என்னன்னு சொல்வீங்க?"

அது நியாயமான கேள்வி. பூ இருந்தது, யானை இல்லை.

"திங்கக்கிழமை வண்டிக்குச் சொல்லியாச்சா?" என்று விஜயகுமாரி மெதுவாகக் கேட்டார்.

"சொல்லியாச்சு."

மறுநாள் பொழுது விடிகிற நேரத்தில் ஜெபசிங் கொட்டகைக்குப் போய் ஆணியிலிருந்து கத்திரியை எடுத்தார். அவருக்கு அப்போது ஒரு பெரிய யோசனை உதித்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். நான் அவரிடமே கேட்டேன். "யோசனையெல்லாம் ஒண்ணும் இல்ல சார்," என்றார். "மூணு மாசமாக் கை ஊறிகினு இருந்திச்சு. பூ இருக்கற எடத்துல கத்திரி வெக்க முடியாது. இல்லாத எடத்துல வெச்சா இன்னா போச்சு? நாளைக்குப் புடுங்கத்தான் போறாங்க."

ஆகவே வெட்டினார். புல்வெளியில் மேஜைகளுக்கு விரிப்புப் போட வந்திருந்த ஹெலன், கையில் விரிப்போடு நின்று பார்த்தார். கொழுத்த தளிர்கள் விழ விழ, புதருக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தும்பிக்கை வெளியே வந்தது. அந்த மூன்று வாரமும் தண்ணீர் குடித்த தும்பிக்கை. இலைக்கு இலை இடைவெளியில்லாமல், எண்ணெய் தடவினதுபோலப் பளபளத்தது. தரையில் ஊன்றி, மெல்ல வளைந்து, மேலே போய் வெள்ளைக்குள் நுழைந்தது.

"கீழ இன்னும் கொஞ்சம் ஒல்லியா," என்றார் ஹெலன். ஒரு வாரத்தில் அவர் நேரடியாகப் பேசின முதல் வார்த்தை.

"நா வெட்டட்டா, நீ வெட்டறியா?"

"நீயே வெட்டு. நா தண்ணி மட்டும்தான் ஊத்துவேன்."

கீழே இன்னும் கொஞ்சம் ஒல்லியாக வெட்டினார்.

ஏழு மணிக்கு வேன்கள் வரத் தொடங்கின. முதல் வேனிலிருந்து இறங்கியவர்களில் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், பெரிய உடம்பு, நெற்றி நிறைய நாமம். திருவிடந்தைப் பெருமாளைச் சேவித்துவிட்டு நேராக வந்திருந்தார். புல்வெளியில் நாலு அடி வைத்தவர் நின்றார். வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய உடம்பு, அதிலிருந்து இறங்கும் ஒற்றைப் பச்சைத் தும்பிக்கை. தும்பிக்கை அங்கே இருந்ததால், கண் தானாகவே வெள்ளைக்குள் தலையைத் தேடிக் கண்டுபிடித்தது, பிறகு முதுகை, பிறகு கால்களை. யாரும் வெட்டாத யானையை, பார்க்கிறவர்களே தங்கள் கண்ணால் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பா செருப்பைக் கழற்றினார்.

"ஐராவதம்," என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கல்யாணத்தில் யாரும் அதை வேறு பெயரில் கூப்பிடவில்லை. இந்திரனின் யானை என்று தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள், தெரியாதவர்கள் தெரிந்ததுபோல இன்னும் சிலருக்குச் சொன்னார்கள். சஹானா கூறைப்புடவையோடு வந்து நின்று ஒருமுறை மூச்சை இழுத்தாள், பிறகு நகர மறுத்தாள். படம் எடுப்பவர் தரையில் படுத்துக்கொண்டார். முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது வாத்தியார் மேடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

"முதல்ல யானையா, தாலியா? முடிவு பண்ணிச் சொல்லுங்கோ, நான் உக்காந்துக்கறேன்."

வாசலில் இருந்த குமார், வருகிற ஒவ்வொரு காரிலும் குனிந்து, "ஐராவதம் லெப்ட்ல, பார்க்கிங் ரைட்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தான். கரடி என்ற சொல்லை அவன் எப்போதோ கேட்டதாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

தாலி கட்டி முடிந்து எல்லோரும் சாப்பாட்டுப் பக்கம் போன பிறகு பிரபா வந்தார். வெகுநேரம் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். ஜெபசிங் கத்திரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹெலன் மேஜை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை வண்டி வேணாம்னு சொல்லிட்டேன்," என்றார் பிரபா. "என் வட்டம் அப்படியே இருக்கட்டும். வட்டத்துக்குள்ள இது நிக்கட்டும்." பிறகு, "முழுசான்னு நான் கேட்டது தப்பு அண்ணா. முழுசாப் பூத்திருந்தா இது யானையே இல்ல. தும்பிக்கையை மட்டும் பச்சையா விடணும்னு யாருக்குத் தோணுச்சு?"

ஜெபசிங் அந்த இடத்தில் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்திருந்தால் பெருமை அவருக்கே வந்திருக்கும். கத்திரியை ஒருமுறை திறந்து மூடும் நேரம் யோசித்தார்.

"என் வூட்டுக்காரிக்கு மேடம்."

பிரபா ஹெலன் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணும் தோணல மேடம்," என்றார் ஹெலன். "தாகமா இருந்திச்சு. அவ்ளோதான்."

இதைக் கேட்ட பிரபா, காலையிலிருந்து வெயிலில் நிற்கிற பெண்மணி என்று இரக்கப்பட்டு, தன் பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். ஹெலன் மறுக்கவில்லை. மூடியைத் திறந்து பாதி குடித்தார். மிச்சத்தைக் கொண்டுபோய், எந்தத் தயக்கமும் இல்லாமல், தும்பிக்கையின் நுனியில் ஊற்றினார். மூடி அங்கேயே விழுந்தது. ஜெபசிங் குனிந்து அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பூ மூன்று நாளில் உதிர்ந்துவிட்டது. நாலாம் நாள் ஜெபசிங் மொத்த யானையையும் வெட்டித் திருத்தினார். இப்போது ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ஐராவதம் வேண்டும் என்று விஜயகுமாரி கேட்கிறார். "செடிக்குப் பஞ்சாங்கம் தெரியாது மேடம், வருசத்துல ஒரு வாட்டிக்கு மேல வாடப் போட்டா செத்துடும்," என்று சொல்லியிருக்கிறார் இவர். அந்த ஒரு வாட்டியிலும் தும்பிக்கைக்குத் தண்ணீர் நிற்காது என்பது இவருக்கும் ஹெலனுக்கும் தெரியும். அதைப் பற்றி வீட்டில் பேச்சில்லை.

போன வாரம் நான் போய்ப் பார்த்தேன். பின்னங்கால்கள் இன்னும் குட்டைதான். சொன்னேன்.

"வளந்துரும் சார்," என்றார்.